கிணற்றடிச் சல்லிவேர்

எனக்குத் தாவரவியல் சொல்லித்தந்தவர்கள் எல்லோரும் ஆங்கிலத்தில்தான் சொல்லித்தந்தார்கள். நான் படிப்பிக்கப் போன காலத்தில், எல்லாவற்றையும் தமிழில் சொல்லிக்கொடு என்றார்கள். சந்தோஷம்தான். தாய்மொழியில் படிப்பிக்க யாருக்குக் கசக்கும்? ஆனால் இலை, பூ, காய் என்று ஒரு கிழமை ஓட்டலாம். அதற்குப் பிறகு ஒவ்வொரு சொல்லுக்கும் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. மேலிடத்திலிருந்து வந்த கலைச்சொற்களில் சில வாய்க்குள் நுழையாது, நுழைந்தவை வெளியே வராது. வட்டுக்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு பெண்கள் பாடசாலையில் எனக்கு வேலை. வயது இருபத்தாறு. பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது.

இப்போது ஒரு சொல்லைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். அது எனக்கு யாரிடமிருந்து கிடைத்தது என்பதை விட்டுவிட்டுச் சொல்லை மட்டும் எழுத மனம் வரவில்லை. அதனால் வீட்டுக் கதையும் சேர்ந்தே வரும்.

பாடசாலை நூல்நிலையத்தில் மட்டை கழன்ற பழைய ஆங்கிலத் தாவரவியல் புத்தகம் ஒன்று இருந்தது. அதை வைத்துத்தான் பாடக் குறிப்புகளைத் தமிழில் எழுதிக்கொண்டிருந்தேன். வேர்களைப் பற்றிய பகுதியில் 'ரடிசெல்' என்று ஒரு சொல் வந்தது. பல்கலைக்கழகத்தில் படித்த அத்தனை வருடத்திலும் நான் அந்தச் சொல்லைக் கேள்விப்பட்டதில்லை. பெரிய அகராதியில் தேடிப் பார்த்தேன். மிகச் சிறிய வேர், வேரின் கடைசிக் கிளை என்று ஒற்றை வரியில் முடித்திருந்தார்கள். ஆங்கிலத்திலேயே யாரும் பாவிக்காத சொல், எனக்கு மட்டும் வந்து வாய்த்தது.

தமிழில் என்ன சொல்வது? ஆணிவேர் எல்லோருக்கும் தெரியும். அதிலிருந்து கிளைப்பது பக்கவேர். வேர்மயிர் என்று ஒன்று இருக்கிறது, ஆனால் அது வேரே அல்ல. வேரின் தோலிலிருந்து ஒரே ஒரு கலம், ஆங்கிலத்தில் செல் என்பது, நீண்டு நிற்பதுதான் வேர்மயிர். நான் தேடியது அதற்கும் பக்கவேருக்கும் நடுவில் இருப்பதை. பக்கவேர் கிளைத்து, அந்தக் கிளையும் கிளைத்து, கடைசியில் நூல் நூலாக மண்ணுக்குள் ஓடுகிறதே, அதை. ஒரு கன்றைப் பிடுங்கினால் முதலில் அறுவது அதுதான். கன்று வாடுவதும் அதனால்தான். இவ்வளவு முக்கியமான ஒன்றுக்குப் பெயர் தெரியாமல் நான் எப்படிப் பிள்ளைகளுக்கு முன்னால் போய் நிற்பது?

அந்தப் பெயரைத் தந்தவர் என் மச்சாள், அண்ணையின் மனைவி. அப்போது அவர் எங்கள் வீட்டுக்கு வந்து நாலைந்து மாதம் ஆகியிருக்கும். அவரை வீட்டு ஆளாக அம்மா இன்னும் ஏற்றுக்கொண்டிருக்கவில்லை.

அண்ணை கொழும்பில் அரசாங்கக் கந்தோர் ஒன்றில் கிளாக்கர். அங்கே தட்டச்சு செய்ய வந்த மட்டக்களப்புப் பெண் ஒருத்தியை, அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கலியாணம் செய்துகொண்டார். எங்கள் ஊரில் மட்டக்களப்பாரைப் பற்றி ஒரு பழைய பகிடி உண்டு. அங்கே போனவன் திரும்பி வரமாட்டானாம், மந்திரம் போட்டுப் பாயோடு ஒட்டிவிடுவார்களாம். மற்றவர்கள் அதைச் சிரிக்கச் சொல்வார்கள். அம்மா சிரிக்காமல் சொன்னார்.

"என்ரை பொடியனைப் பாயோடை ஒட்டிப்போட்டாள். இனி அவன் எனக்கில்லை."

ஐயா இறந்த பிறகு புகையிலைத் தோட்டத்தைக் கூலியாட்களை வைத்துத் தனியாகக் கட்டி ஆண்டவர் அம்மா. அவருடைய கன்றுகள் பட்டுப்போய் நான் பார்த்ததில்லை. எருப் போடுவதும் தண்ணீர் கட்டுவதும் அவரிடம் கேட்டுத்தான் அயலில் நடக்கும். தோட்டத்தில் அவர் சொல்வதை மண்ணே கேட்கும்போது, பெற்ற பிள்ளை கேட்கவில்லை என்பது அவருக்குப் பொறுக்கவில்லை.

ஐம்பத்தெட்டில் தெற்கில் தமிழருக்கு எதிரான கலவரம் வந்தது. அண்ணையும் மச்சாளும் மற்றச் சனங்களோடு கப்பலேறிக் காங்கேசன்துறையில் வந்து இறங்கினார்கள். ஒரு லொறி அவர்களைச் சந்தியில் விட்டுவிட்டுப் போயிற்று. அண்ணையின் கையில் ஒன்றுமே இல்லை. மச்சாள் இடுப்பில் பிள்ளையை வைத்திருப்பவர் போல ஒரு ஈரத்துணிப் பொட்டலத்தை வைத்திருந்தார். அம்மா வாசலில் நின்று இருவரையும் பார்த்தார். அண்ணையைப் பிடித்துக்கொண்டு குளறி அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துவிட்டு என்னிடம் சொன்னார்.

"உவவுக்குக் கிணத்தடியைக் காட்டு. குளிச்சிட்டு வந்து சாப்பிடச் சொல்லு."

அம்மா மச்சாளைப் பற்றிக் கதைத்த முதல் கதை அதுதான். மச்சாள் இரண்டு முழத் தூரத்தில் நின்றுகொண்டிருந்தார். அன்றிலிருந்து அம்மா சொல்ல நினைத்தது எல்லாம் என் வழியாகவே போயிற்று. உவவைக் கேள், உவவுக்குப் போடு, உவவிட்டைச் சொல்லு. பெயர் இல்லை, முறை இல்லை, எங்கோ நிற்கும் ஒருத்தி போல 'உவ'தான். ஒரே குசினிக்குள் மூன்று பெண்கள் இருந்துகொண்டு, நான் நடுவில் தபால்காரி வேலை பார்த்தேன்.

பொட்டலத்தில் இருந்தது ஒரு அந்தூரியம் கன்று. மினுங்குகிற சிவப்பு மடலில் மஞ்சள் தண்டு நீட்டிக்கொண்டிருக்குமே, அந்தப் பூ. கொழும்பு வீட்டுக்காரர்கள் தாழ்வாரத்தில் வைத்து வளர்ப்பது. கலவரத்தில் அண்ணையின் வாடகை வீடு போய்விட்டது. இரண்டு நாள் இவர்களை ஒளித்து வைத்துச் சோறு போட்டவர் அடுத்த வீட்டுச் சிங்கள அம்மா. கப்பலுக்குப் போக வாகனம் வந்தபோது அவர் ஓடிப்போய், எரிந்த வாசலில் உடைந்த சட்டியோடு கிடந்த இந்தக் கன்றை எடுத்து, வேரை நனைத்துத் துணியில் சுற்றி மச்சாளின் கையில் கொடுத்தாராம்.

"நோனா அழுதுக்கிட்டே தந்தா" என்று மச்சாள் எனக்குச் சொன்னார். அவரும் என்னை மச்சாள் என்றுதான் கூப்பிடுவார். "உங்கட வீட்டில மிச்சம் இதுதான் எண்டு சொன்னா. இதைச் சாகவிடக்கூடாது மச்சாள்."

மச்சாள் ஒரு பழைய மண்சட்டியில் தேங்காய் உரித்த பொச்சை வெட்டிப் போட்டு, கரித்துண்டும் கொஞ்சம் கலந்து, அதற்குள் கன்றை வைத்தார். குசினி யன்னலுக்கு வெளியே மாதுளை நிழலில் சட்டி இருந்தது. மண் இல்லை, எரு இல்லை. அம்மா அதைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"பொச்சுக்குள்ளை ஆரும் கண்டு வைப்பினமோ? உவவின்ரை ஊரிலை மண் இல்லையோ எண்டு கேள்."

நான் கேட்கவில்லை. மச்சாளுக்குக் காது நன்றாகக் கேட்கும்.

இரண்டு மாதம் கழித்துக் கந்தோர் திறந்து அண்ணையைக் கூப்பிட்டது. போகும்போது என்னைப் படலைக்கு வெளியே கூட்டிக்கொண்டு போனார்.

"வீடு கிடைச்சால் வந்து கூட்டிக்கொண்டு போவன். கிடைக்காட்டி அவள் தாயிட்டை மட்டக்களப்புக்குப் போகட்டும். அவளுக்கு இஞ்சை இடமில்லையெண்டால் எனக்கும் இஞ்சை இடமில்லை. அம்மாட்டைச் சொல்லிப்போடு."

நான் சொன்னேன். அம்மா உரலில் இடித்துக்கொண்டிருந்தார். உலக்கை ஒருமுறை நின்றது, பிறகு முன்னையிலும் வேகமாக இடித்தார். மச்சாள் இந்த வீட்டில் வேர்பிடிக்காவிட்டால் அண்ணையும் எங்களுக்கு இல்லை என்பது எனக்கு விளங்கிவிட்டது. அம்மாவுக்கும் விளங்காமல் இல்லை. வீம்புதான் விடவில்லை.

இனிச் சொல்லுக்கு வருகிறேன். ஒரு சனிக்கிழமை குசினிப் படியில் புத்தகத்தை வைத்துக்கொண்டு நான் வாய்க்குள் புறுபுறுத்துக்கொண்டிருந்தேன். மச்சாள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"என்னத்தைத் தேடுறீங்க ரீச்சர் மச்சாள்?"

"வேரிலை கிளைச்சு, அதுவும் கிளைச்சு, கடைசியிலை நூல் மாதிரி வாற வேர். அதுக்கு ஒரு சொல்லு வேணும்."

"சல்லிவேர்" என்றார், தலையை நிமிர்த்தாமலே. "எங்கட வயலில நாத்துப் பிடுங்கக்க, சல்லிவேர் அறாமப் பிடுங்குங்க எண்டு சொல்லுவாங்க. அது அறுந்தா நாத்து நட்டாலும் மஞ்சளாப் போயிரும். மறுகா எழும்ப நாளெடுக்கும்."

அம்மா அடுப்படியில் இருந்து என்னைப் பார்த்துச் சொன்னார்.

"சல்லிக்கும் உதவாத வேர் போலை கிடக்கு."

எனக்குக் கோபம் வந்தாலும் சிரித்துவிட்டேன். மச்சாளும் சிரித்தார். அம்மா மட்டும் சிரிக்காமல் அகப்பையால் சட்டியைத் தட்டினார்.

திங்கட்கிழமை நூல்நிலையத்தில் பழைய தமிழ் அகராதியைத் திறந்து பார்த்தேன். சொல் இருந்தது, பொருளும் மச்சாள் சொன்னதுதான். சல்லி என்றால் சிறு துண்டு, சிறு நறுக்கு. கருங்கல்லை உடைத்தால் வருவதும் சல்லி, சில்லறைக் காசும் சல்லி. ஒரு பெரியது பலவாகச் சிறுத்துப்போவது என்ற எண்ணம் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. மூன்று நாள் நான் குட்டிக்கரணம் போட்டும் கிடைக்காதது வெங்காயத் தோலுக்குள் கிடந்தது. அன்றே வகுப்பில் கரும்பலகையில் எழுதினேன். பிள்ளைகளை வெளியே கூட்டிக்கொண்டு போய் ஒரு குப்பைமேனிச் செடியைப் பிடுங்கச் சொன்னேன். ஒருத்தி வெடுக்கென்று இழுத்தாள், ஆணிவேர் மட்டும் மொட்டையாக வந்தது. மற்றவள் தண்ணீர் ஊற்றி, மண்ணைக் கிளறி, மெல்ல எடுத்தாள். அதன் வேரை ஒரு கிண்ணத் தண்ணீருக்குள் விட்டதும் வெள்ளை நூல்கள் விரிந்தன. "சல்லிவேர்" என்று பிள்ளைகள் தாங்களாகவே சொன்னார்கள். அதற்குப் பிறகு நான் அந்தப் பாடத்தை விளங்கப்படுத்த வேண்டியிருக்கவேயில்லை.

மாசி மாதம் மச்சாளுக்குக் காய்ச்சல் வந்தது. நாலு நாள் எழும்பவில்லை. அம்மா கஞ்சி காய்ச்சி என் கையில் தந்தார். கொத்தமல்லி அவித்துத் தந்தார். ஒருநாள் நான் பாடசாலைக்குப் போக வெளிக்கிடும்போது, அறை வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது.

பின்னேரம் வந்து பார்த்தால், மாதுளையடியில் பழைய சட்டி கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் புதிதாக ஒரு பெரிய சட்டி. அதன் விளிம்பு வரைக்கும் அரித்த செம்மண், உக்கிய மாட்டெரு, நறுக்கிய இலைக் குழை. நடுவில் அந்தூரியம் நிமிர்ந்து நின்றது. சுற்றிவரத் தண்ணீர் தளும்பியது.

அது புகையிலைக்குப் பக்க முளை முறிக்கிற காலம். அடியில் வெடிக்கும் முளைகளை முறித்து எறிந்தால்தான் பெரிய இலை தடிக்கும். அம்மா காலையில் தோட்டத்தில் அந்த வேலையைச் செய்துவிட்டு, வந்த கையோடு அந்தூரியத்துக்கும் அதையே செய்திருந்தார். அதன் அடியில் இரண்டு இலையோடு ஒரு பக்கக் கன்று வந்திருந்தது. அதைக் காணவில்லை. தண்டில் வெளியே நீட்டிக்கொண்டிருந்த வெள்ளை வேர்களைக்கூட அழுகல் என்று நினைத்து வழித்துத் துப்புரவாக்கியிருந்தார். யாழ்ப்பாணத்துப் புகையிலைக்காரியைத் தவிர உலகத்தில் வேறொருவரும் ஒரு அந்தூரியத்துக்கு இதைச் செய்திருக்கமாட்டார்.

"அம்மா! உதை ஆர் உங்களைச் செய்யச் சொன்னது?"

"ஏன் குளறுறாய்? உவ காய்ச்சலாக் கிடக்கிறா. ஆரும் பாக்காமல் கண்டு வாடுது. அதுதான் ஒழுங்கா மாத்தி வைச்சனான்."

அம்மாவின் குரலில் முள் இல்லை. கொஞ்சம் பெருமைகூட இருந்தது. இனி அது எருவில் அவிந்து அழுகப்போகிறது, எங்கள் கிணற்றுச் சுண்ணாம்புத் தண்ணீர் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் குசினி வாசலில் சத்தம் கேட்டது. மச்சாள் போர்வையைப் போர்த்துக்கொண்டு கதவைப் பிடித்தபடி நின்றார். சட்டியைப் பார்த்தார். கவிழ்ந்து கிடந்த பழைய சட்டியைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் விளங்கியதை நான் கண்டேன்.

"வடிவா வைச்சிருக்கிறீங்க மாமி" என்றார்.

அம்மா கையில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். "வெறுங்காலோடை நிக்க வேண்டாமெண்டு சொல்லு" என்று என்னிடம் சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போனார்.

அம்மா அந்தப் பக்கம் போனதும் நான் மச்சாளைப் பிடித்துக்கொண்டேன். இப்போதே கன்றைக் கிளப்பிப் பொச்சுக்குள் வைத்தால் தப்பும், நாளைக்குப் பிந்திவிடும் என்றேன்.

"வேணாம் மச்சாள். மாமி என்ட சாமானில கை வைச்சது இதுதான் முதல் தரம். அதை அவ கண்ணுக்கு முன்னால கிளப்பி எறியச் சொல்றீங்களா?"

"அப்ப சாகவிடப் போறீங்களே?"

"சாகட்டும்" என்றார். சொல்லும்போதே கண்ணால் தண்ணீர் ஓடியது. "நோனா கேட்டா, உங்கட கண்டைக் குடுத்து ஒரு மாமியை வாங்கினன் எண்டு சொல்லுவன். அவ கோவிக்கமாட்டா."

நான் கோபக்காரி, ஒருவர் சொல்வதைக் கேட்டு அடங்கிப் பழக்கமில்லை. அன்றைக்கு அடங்கினேன்.

அதற்குப் பிறகு நடந்ததைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்குத்தான் பைத்தியம் பிடித்தது. இலை மஞ்சளாயிற்று. அம்மா எருவைக் கூட்டினார். இலைக்காம்பு தொய்ந்தது. அம்மா காலையும் மாலையும் தண்ணீர் விட்டார். ஒருநாள் குசினிக்குள் வந்து, "கொழும்பிலை உதுக்கு என்ன போட்டவை எண்டு உவவைக் கேள்" என்றார். மச்சாள் எனக்காகக் காத்திருக்காமல், "நீங்க போடுறதே காணும் மாமி" என்றார். இருவரையும் ஒரே கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கலாம் போல இருந்தது எனக்கு.

கன்று செத்தது. அம்மாதான் அதைக் கிளப்பினார். வேர் என்று ஒன்றும் இல்லை, விரலால் தொட்டதும் கூழாகக் கழன்றது. அம்மா அதைக் கையில் வைத்துக்கொண்டு வெயிலுக்குள்ளேயே நின்றார்.

"என்ரை கையாலை வைச்சு ஒண்டும் செத்ததில்லை" என்றார். யாருக்குச் சொன்னார் என்று தெரியவில்லை.

"மண் ஒத்துக்கொள்ளல்ல மாமி. நீங்க என்ன செய்யிற?" என்றார் மச்சாள்.

சித்திரை வருடப்பிறப்புக்கு அண்ணை வந்தார். வீடு கிடைக்கவில்லை. தமிழருக்கு வீடு கொடுக்கப் பயப்படுகிறார்கள் என்றார். நான்கு நாள் வீட்டில் நின்று பார்த்தார். அம்மா இன்னும் "உவவைக் கூப்பிடு" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். நாலாம் நாள் அண்ணை, நாளைக்கு ரெயிலில் போகிறோம், அவளைத் தாயிடம் விட்டுவிட்டு நான் கொழும்புக்குப் போவேன் என்று என்னிடம் மட்டும் சொன்னார். மச்சாள் பெட்டியில் சேலைகளை அடுக்கத் தொடங்கினார். அம்மாவோடு சண்டை பிடிக்கலாம் என்று தேடினால் அம்மாவைக் காணவில்லை.

கிணற்றடியில், வாழைகளுக்குப் பின்னால், தேங்காய்ப் பொச்சுக் குவியல் ஒன்று கிடக்கும். குளிக்கிற தண்ணீர் அந்தப் பக்கமாகத்தான் ஓடும். அடுப்புக்குக் காய்ந்த பொச்சு எடுக்க அம்மா அங்கே போயிருந்தார். வெகு நேரம் வரவில்லை. வந்தபோது கையில் விறகுக்கு ஒன்றும் இல்லை. ஒரே ஒரு நனைந்த பொச்சை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். அதற்கு மேல் ஒரு அந்தூரியம் கன்று நின்றது. மூன்று இலை. மூன்றாவது இலை அப்போதுதான் விரிந்து, செம்பு நிறத்தில் மினுங்கியது.

மாசியில் அம்மா முறித்து எறிந்த பக்க முளை அது. எறிந்த இடம் பொச்சுக் குவியல். நிழலும் ஈரமும் தானாகக் கிடைத்துவிட்டன. ஒருவரும் எருப் போடவில்லை.

அம்மா அறை வாசலுக்கு வந்து நின்றார்.

"பிள்ளை" என்றார்.

மச்சாள் நிமிரவே இல்லை. என்னைத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

"உன்னைத்தான் பிள்ளை. இஞ்சை பார்."

மச்சாளின் கையில் இருந்த சேலை பாதி மடிப்போடு நின்றது.

"நான் எருப் போட்டது செத்துப்போச்சு. முறிச்சு எறிஞ்சது நிக்குது" என்றார் அம்மா. பொச்சைக் கொஞ்சம் திருப்பிக் காட்டினார். வெள்ளை நூல்கள் தும்புக்குள் புகுந்து, எது தும்பு எது வேர் என்று தெரியாமல் இறுகியிருந்தன. "நான் கழட்டிப் பாத்தன். வருகுதில்லை. இனி இழுத்தால் சல்லிவேர் அறும்."

அம்மா அண்ணையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்க்கவில்லை. மச்சாளை மட்டும் பார்த்துச் சொன்னார்.

"உதைத் தூக்கிக்கொண்டு மட்டக்களப்பு வரைக்கும் போகேலாது. இஞ்சையே வைச்சுப் பார். உனக்குத் தெரிஞ்ச மாதிரி வை. நான் கை வைக்கமாட்டன்."

மச்சாள் ஓடிவந்து வாங்கவில்லை. நிலத்தில் அப்படியே இருந்து, முகத்தைச் சேலையால் மூடிக்கொண்டு அழுதார். அம்மாவும் பொச்சோடு பக்கத்தில் இருந்தார். அண்ணை எழுந்து முற்றத்துக்குப் போய்விட்டார். நான் பெட்டியிலிருந்த சேலைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்ப அலுமாரிக்குள் அடுக்கினேன். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. பட்டம் வாங்கிய அன்றுகூட எனக்கு அப்படி இருந்ததில்லை.

அண்ணைக்கு யாழ்ப்பாணக் கச்சேரிக் கந்தோருக்கு மாற்றம் கிடைக்க மேலும் சில வருடங்கள் எடுத்தன. அதுவரைக்கும் மச்சாள் எங்களோடுதான் இருந்தார். அதற்குப் பிறகும் எங்களோடுதான் இருந்தார். அந்தப் பொச்சை அப்படியே சட்டிக்குள் இறக்கி வைத்தார். அது பூத்தது, பக்கத்தில் முளைத்தது, முளைத்தவற்றைப் பிரித்து அயலெல்லாம் கொடுத்தோம். அம்மா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். ஒருநாளும் அதில் கை வைக்கவில்லை. யாராவது கன்று கேட்டு வந்தால், "என்னைக் கேளாதையுங்கோ, மருமோளைக் கேளுங்கோ. சல்லிவேர் அறாமல் எடுக்க அவளுக்குத்தான் தெரியும்" என்பார். சல்லிக்கும் உதவாத வேர் என்று சொன்ன அதே வாய்தான்.

நான் மச்சாளுக்குப் பட்ட கடன் அந்த ஒரு சொல்லோடு முடியவில்லை. நான் கலியாணம் செய்யவில்லை. அதைச் சொல்லி என்னை ஒருவரும் அரியண்டப்படுத்தாமல் பார்த்துக்கொண்டவர் அவர். தரகர் வந்தால் தேத்தண்ணி கொடுத்து, ஊர்க்கதை கதைத்து, வந்த அலுவலை மறக்கச் செய்து அனுப்பிவிடுவார். நான் நிம்மதியாகப் பாடசாலைக்குப் போனேன், விளக்கைக் கொளுத்தி வைத்துப் பாடங்களைத் தமிழில் எழுதினேன், வேண்டிய அளவு கோபப்பட்டேன். வருடா வருடம் குப்பைமேனியைப் பிடுங்கிச் சல்லிவேரைக் காட்டினேன். மேலிடத்திலிருந்து பாடசாலை பார்க்க வந்த ஒருவர், அந்தச் சொல் அரசாங்கச் சொற்களில் இல்லையே என்றார். இனிச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றேன். சேர்த்தார்களோ தெரியாது. என்னிடம் படித்தவர்கள் இப்போது படிப்பிக்கிறார்கள், அவர்கள் அந்தச் சொல்லைத்தான் சொல்கிறார்கள். அது எனக்குக் காணும்.

எழுபதுகளின் நடுவில் அம்மாவுக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. கட்டிலில் படுக்கமாட்டேன் என்று அடம்பிடித்ததால் கீழே பாய்தான். நான் பெற்ற மகள், ஆனால் பாதி நாள் பாடசாலையில். தூக்கியது, துடைத்தது, ஊட்டியது எல்லாம் மச்சாள். ஆறு வருடம் அம்மாவின் முதுகில் ஒரு புண் வரவிடவில்லை. நான் உதவப் போனால், "நீங்க போய் வேரைப் படிப்பியுங்க, இதை நான் பார்ப்பன்" என்று துரத்துவார்.

எண்பதோ எண்பத்தொன்றோ, அம்மாவின் பழைய சிநேகிதி ஒருவர் பார்க்க வந்தார். முந்திப் பாயோடு ஒட்டிய கதையை அம்மா அழுது சொல்லக் கேட்டவர்களில் அவரும் ஒருவர். மச்சாள் அம்மாவின் தலையை மடியில் வைத்துக் கஞ்சி பருக்கிக்கொண்டிருந்தார். வந்தவர், எப்பிடி இருக்கிறாய் என்று கேட்டார். அம்மாவின் வாய் ஒரு பக்கம்தான் அசையும். அந்த ஒரு பக்கத்தால் சிரித்தார்.

"எப்பிடி இருக்கிறது? என்னையும் உவள் பாயோடை ஒட்டிப்போட்டாள்."

மச்சாள் அம்மாவின் வாயோரத்தைத் துடைத்துவிட்டார்.

"ஓம் மாமி. இனி இழுத்தா அறும், பேசாம இருங்க" என்றார்.

அம்மா சிரித்துச் சிரித்துக் கஞ்சி புரைக்கேறி, நான் ஓடிப்போய்த் தண்ணீர் எடுத்து வந்தேன்.